பசுமைப் பொருள் விற்கும் நிறுவனங்களுக்கு, வீடியோ எடுக்கும் ஒரு தம்பதியின் திறந்த மடல்

வணக்கம்.

மூங்கில் பல்துலக்கி, எஃகு உறிஞ்சுகுழல், துணிப்பை, மக்கும் குப்பைப் பை என்று உங்கள் பெட்டிகள் எங்கள் வீட்டுக்கு வந்தபடியே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: பிடித்திருந்தால் உங்கள் வீடியோவில் காட்டுங்கள். காட்டினால் பணம் தருகிறோம் என்று பின்னாலேயே மின்னஞ்சலும் வந்துவிடும். நானும் என் கணவரும் உட்கார்ந்து பேசினோம். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பெட்டி அனுப்புவதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக உங்களிடம் கேட்பதற்கு வேறு சில விஷயங்கள் இருக்கின்றன.

நாங்கள் இந்தப் பக்கம் வந்தது திட்டம் போட்டு இல்லை. ஒரு சமயம் குப்பை எடுப்பது நின்றுபோய், கட்டிவைத்த பைகளை நாங்களே அவிழ்த்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. அதை ஒரு தொட்டியில் போட்டு உரமாக்கப் பார்த்தோம், அவர் கைப்பேசியில் படம் பிடித்தார், உறவினர்களுக்காக எடுத்தது எங்கெங்கோ போய், முன்பின் தெரியாதவர்களெல்லாம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேருக்கும் கேமராவும் தெரியாது, எடிட்டிங்கும் தெரியாது. ஆனால் கேட்டவர்களுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமே என்று படிக்கத் தொடங்கினோம். எங்களை மாற்றியது அந்தப் படிப்புதான்.

உலகம் முழுக்க 2022இல் மட்டும் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது, அதில் ஏறக்குறைய 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது என்று ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. குப்பைமேட்டின் அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது அதிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறது. வீட்டில் செய்ய வேண்டியதோ மிக எளிது. ஈரமான காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால் அதன்மேல் காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ இரண்டு மூன்று பங்கு, அவ்வப்போது கிளறல், கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் காய்ந்தது போதவில்லை என்று பொருள். இவ்வளவுதான். இதில் நீங்கள் விற்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

அந்தத் தொட்டியில்தான் உங்களில் ஒருவர் அனுப்பிய 'மக்கும்' பையையும் புதைத்துப் பார்த்தோம். சுற்றியிருந்த தோலும் இலையும் மண் வாசனையோடு கறுத்துப் பொடிந்து போயிருந்தன, பையின் மேலிருந்த பச்சை இலைச் சின்னம் மட்டும் அப்படியே படிக்கிற மாதிரி இருந்தது. காரணம் தேடினோம். தொழிற்கூட உரமாக்கலுக்கான ஐரோப்பிய ஈஎன் 13432 தரத்தை வைத்துத்தான் இப்படிப்பட்ட பல பைகளுக்குச் சான்று கொடுக்கிறார்கள். அந்தச் சோதனை 58 டிகிரி வாக்கில் வெப்பத்தைத் தக்கவைத்து நடக்கிறது. வீட்டுத் தொட்டி நாள் கணக்கில் அந்தச் சூட்டில் நிற்காது. பை பொய் சொல்லவில்லை, சரி. ஆனால் 'தொழிற்கூடத்தில் மட்டும் மக்கும்' என்பதை எறும்பு எழுத்தில் பின்பக்கம் போட்டுவிட்டு, முன்பக்கம் முழுக்க இலைச் சின்னம் வரைவது எந்த வகை நேர்மை?

துணிப்பையும் அப்படித்தான். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப் பை ஒன்றைக் குறைந்தது 52 முறையாவது பயன்படுத்தினால்தான், பருவநிலைக் கணக்கில் மட்டும் பார்த்தாலே, ஒரு பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். நீர்ச் செலவு, ஓசோன் படலத்துக்கு வரும் சேதம் என்று மற்றவற்றையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது. ஒரு பையை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. மாதம் ஒரு புதுப் பையை இலவசமாக அனுப்புகிறீர்களே, அதுதான் பிரச்சினை.

இனி வீடியோ பற்றி. புதுப் பொருளைப் பெட்டியிலிருந்து பிரித்துக் காட்டும் வீடியோ எடுக்க ஒரு மதியம் போதும். பழைய மிக்ஸிக்கு வாஷர் தேடி அலைந்து, கழற்றி, மாட்டி, அது ஓடுகிறதா என்று காட்டும் வீடியோவுக்கு நாட்கள் ஆகும், அதற்கு விளம்பரப் பணம் தர யாரும் வருவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில், பழைய கைப்பேசியில்தான் இன்றும் எடுக்கிறோம். ஒரு கைப்பேசி அதன் ஆயுளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வெளியேறிவிடுகிறது. 2022இல் உலகம் தூக்கியெறிந்த மின்கழிவு 6.2 கோடி டன், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான். இதைத் தெரிந்துகொண்டு நல்ல கேமரா வாங்குங்கள் என்று பார்வையாளர்களிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நீங்களும் எங்களைச் சொல்ல வைக்காதீர்கள்.

அப்புறம் என்னதான் வேண்டும் என்கிறீர்களா? உங்கள் பொருள் பழுதானால் எந்தப் பாகம் எங்கே கிடைக்கும், எத்தனை வருஷம் கிடைக்கும் என்று எழுதித் தாருங்கள். கழற்றி மாட்டும் முறையைப் படத்தோடு தாருங்கள், அதை வைத்து இலவசமாகவே வீடியோ போடுகிறோம். காலி டப்பாவைக் கொடுத்து மறுபடி நிரப்பிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். எங்கே, எந்தச் சூட்டில், எவ்வளவு காலத்தில் மக்கும் என்பதை முன்பக்கத்திலேயே போடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல், ஆதாரம் இல்லாமல் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பொத்தாம்பொதுவாக விளம்பரம் செய்யத் தடை வருகிறது. அங்கே சட்டத்துக்காகச் செய்யப்போவதை மற்ற இடங்களில் நீங்களாகவே செய்தால் என்ன?

உங்களிடம் வேலை செய்பவர்களில் நிறையப் பேர் இதையெல்லாம் மனசார விரும்புகிறவர்கள்தான் என்று எங்களுக்குத் தெரியும், சிலர் தனிப்பட்ட முறையில் எங்களுக்கு எழுதியும் இருக்கிறார்கள். அவர்கள் மூலமாக இந்த மடல் ஒரு கூட்டத்திலாவது மேசைக்கு வரட்டும். பதில் எழுதுங்கள். யார் எழுதினாலும், ஒரு வரிகூட வெட்டாமல் வீடியோவில் வாசிக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் தம்பதி