ஆற்றுக் கருத்தரங்குக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த ஆற்று நலக் கருத்தரங்கு நல்லபடியாக நிறைவேறியது. பழையாறு, வள்ளியாறு, குழித்துறையாறு மூன்றின் கரைகளிலிருந்தும் வந்து ஒரே அரங்கில் உட்கார்ந்து பேசினீர்கள். மேடையில் ஒரே மூச்சில் சொல்லி முடித்த நன்றி போதவே போதாது. யார் என்ன செய்தார்கள், அது ஏன் பெரிய உதவி என்று விவரமாகவே எழுதுகிறோம். நாளைக்கு வேறு ஊரில் இதே வேலையைக் கையிலெடுப்பவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி, விடியுமுன் ஆற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துத் தந்த கரையோர இளைஞர்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும். பாசி படர்ந்த இடத்தில் மத்தியானம் தண்ணீர் எடுத்தால் ஆக்சிஜன் தாராளமாக இருப்பதுபோலத் தெரியும். வெயில் உள்ளவரை பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டிருக்கும். இருட்டிய பிறகு பாசி, மீன், கழிவைத் தின்னும் நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து அதை இழுத்துத் தீர்க்கும். ஆற்றின் உண்மையான நிலை சூரியன் உதிக்குமுன்தான் தெரியும். மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் செத்து மிதப்பதும் இதனால்தான்.

அவர்கள் குப்பி நிரப்பிய விதமும் அவ்வளவு நேர்த்தி. 300 மி.லி. கண்ணாடிக் குப்பியின் அடிவரை குழாயை விட்டு, தண்ணீர் விளிம்பு தாண்டி வழியும்வரை நிரப்ப வேண்டும். ஒரு சின்னக் குமிழி உள்ளே நின்றாலும் அதிலுள்ள காற்று கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு மாங்கனீசு சல்ஃபேட் 2 மி.லி., காரமும் அயோடைடும் அசைடும் கலந்த கரைசல் 2 மி.லி., இரண்டையும் பிப்பெட்டின் நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். பழுப்பாகத் திரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. ஆற்றங்கரையிலேயே இதைச் செய்யாமல் வெறும் தண்ணீரை நாகர்கோவில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால், வழியிலேயே நுண்ணுயிர்கள் ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

ஆய்வக உதவியாளர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கின்றன என்று பார்த்துக் கழிவின் சுமையை அறியும் பி.ஓ.டி. சோதனைக்கு, நம் நாட்டு முறைப்படி 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் குப்பி இருட்டில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை வைத்ததை ஞாயிற்றுக்கிழமை எடுத்தே தீர வேண்டும். விடுமுறை என்று திங்கள்வரை விட்டிருந்தால் எல்லாம் வீண். ஞாயிறு காலையில் வந்து கதவைத் திறந்தீர்கள். ஒழுகினசேரிப் பாலத்துக்குக் கீழே எடுத்த தண்ணீரைப் பல விகிதங்களில் நீர்க்கச் செய்து வைத்ததும் நீங்களே. கழிவு கலந்த நீரை அப்படியே வைத்தால் 3 நாளுக்குள் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்து சுழியம் காட்டும். எவ்வளவு அழுக்கு என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. லிட்டருக்குக் குறைந்தது 2 மி.கி. ஆக்சிஜன் செலவாகி, 1 மி.கி.யாவது மிச்சம் நிற்கும் குப்பிதான் கணக்குக்கு உதவும்.

பழையாறு கடலில் சேரும் மணக்குடியின் வள்ளக்காரர்களுக்கு (படகோட்டிகளுக்கு) மனமார்ந்த நன்றி. பொழிமுகத்தில், அதாவது ஆறு கடலில் சேரும் வாயில், மேல்தண்ணீரை மட்டும் கோரினால் ஆறு நன்னீராகத் தெரியும். உப்புநீர் கனமானது. அது அடியில் ஆப்புபோல நுழைந்து, மேலே ஆற்றுநீர் ஓடும்போதே உள்ளே ஏறும். அடித்தண்ணீரை எப்படி எடுப்பது என்று நீங்கள் காட்டினீர்கள். கல் கட்டிய குப்பியைத் தக்கையோடு இறக்கி, அடி தட்டியதும் தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுப்பது. பொழி திறந்திருந்ததா, மண் மேடிட்டு அடைந்திருந்ததா, கடல் ஏற்றமா வற்றமா என்பதையும் ஒவ்வொரு குப்பியோடும் எழுதச் சொன்னதும் நீங்கள்தான். அது இல்லாமல் உப்பளவுக்கு அர்த்தமில்லை.

வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைவரம்பின் விவசாயிகளும் பாசன சபைப் பெரியவர்களும் தந்தது இதற்கெல்லாம் அடிப்படை. பழையாற்றில் ஓடுவது பழையாற்றுத் தண்ணீர் மட்டும் இல்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் புத்தன் அணையில் பிரிந்து பாண்டியன் கால் என்ற கால்வாய் வழியாக இதில் வந்து சேர்கிறது. கன்னிப்பூவுக்கு (முதல் போக நெல்லுக்கு) அணை திறந்த பின் கழிவு நீர்த்துப்போய் ஆறு சுத்தமானதுபோல் இருக்கும். அடைத்த பின் அதே கழிவு, அதே இடம், ஆனால் தண்ணீர் குறைவதால் சோதனையில் காட்டும் அளவு மட்டும் எகிறும். எந்த ஷட்டர் எந்தத் தேதியில் ஏறியது, பழையாற்றின் குறுக்கேயுள்ள சபரி அணையிலும் மிஷன் அணையிலும் தண்ணீரைத் தடுக்கும் பலகை போட்டிருந்ததா என்று நோட்டைப் பார்த்துச் சொன்னீர்கள். அணைகளின் அன்றாட நீர்மட்டத்தைக் கேட்டவுடன் தந்த நீர்வளத் துறை ஊழியர்களுக்கும் நன்றி. முழு நீர்மட்டம் 48 அடியான பேச்சிப்பாறை அணையில் அன்றைக்கு எத்தனை அடி என்று தெரியாமல் கீழே எடுத்த எந்த எண்ணையும் ஒப்பிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

ரப்பர் விவசாயிகள் ஒளிவுமறைவு இல்லாமல் பேசியது பெரிய மனசு. ரப்பர் ஷீட் அடிக்கும்போது ரப்பர் பால் உறைய ஃபார்மிக் ஆசிட் விடுகிறோம், வடியும் தண்ணீர் ஓடைக்குத்தான் போகிறது என்றார்கள். அந்த நீரில் ஆசிட்டோடு பாலின் புரதமும் சர்க்கரையும் இருப்பதால் ஓடைக்கு இரட்டை அடி: புளிப்பும் ஏறும், அழுகி ஆக்சிஜனும் குறையும். ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி, புளிப்பா காரமா என்று காட்டும் பி.எச். தாளில் நடுநிலையான 7-ஐ ஒட்டி வரும்வரை சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் காரம் ஏறி மண்ணைக் கெடுக்கும்.

குளங்களைப் பற்றிய அமர்வில், சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் இரண்டும் 2022-இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததைப் பலர் பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் நூறு நாள் வேலைப் பெண்கள் சொன்னதுதான் குளத்துக்கு உடனே உதவும். ஆகாயத்தாமரையைப் பூக்குமுன் அள்ள வேண்டும், விதை சேற்றில் விழுந்தால் பல வருடம் கழித்தும் முளைக்கும். அள்ளியதைக் கரையோரத்தில் குவித்தால் அடுத்த மழையில் குளத்துக்கே திரும்பும். கரைக்கு மறுபுறம் கொண்டுபோய் வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துக் காயவிட வேண்டும்.

சானலுக்கு (பாசன வாய்க்காலுக்கு) கான்கிரீட் போடுவது பற்றிக் காரசாரமாக மோதிக்கொண்ட இரு தரப்புக்கும் நன்றி. கடைவரம்புக்குத் தண்ணீர் எட்ட வேண்டும் என்பதும் நியாயம், கசிவு நின்றால் இடைப்பட்ட கிணறுகள் இறங்கும் என்பதும் நியாயம். எல்லா இடத்துக்கும் ஒரே தீர்வு கிடையாது. கசிவை அளந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

வாழை இலையில் பரிமாறி, எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் தந்து, பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுகூட வளாகத்தில் விழாமல் பார்த்துக்கொண்ட சமையல், துப்புரவுப் பணியாளர்களுக்கு நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கண்ணாடிக் குப்பிகள் சில இன்னும் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் விட்ட அசைடு கொடிய விஷம். கழுவி எண்ணெய்க்கோ ஊறுகாய்க்கோ எடுத்துவிடாமல், உள்ளே மிச்சம் இருந்தால் கொட்டாமல் மூடியபடியே, ஆய்வகத்தில் தந்துவிடுங்கள். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) பருவத்தில் சோதனைக்குத் தண்ணீர் எடுக்க அதே குப்பிகள் வேண்டும்.

நன்றியுடன்,
கருத்தரங்கு ஏற்பாட்டுக் குழுவினர்,
கன்னியாகுமரி மாவட்டம்