வாசகர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைப் பாதையில் மோர்ப்பந்தலுக்கு நம் பங்கைக் கொடுத்தோம். நூலக அலமாரிக்குக் கரையான் மருந்து அடித்தாயிற்று. தீபாவளி விருந்துக்கு எல்லாரும் வந்திருந்தீர்கள்.

இனி பதிப்புப் பணி. "இது நமக்கு எதற்கு?" என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஜமான் மாற்றி எஜமானாகப் பிழைக்கும் லாசரோ என்ற போக்கிரிப் பையனின் கதை 'லாசரில்லோ தெ தோர்மெஸ்'. ஆசிரியர் பெயரில்லாத இந்த ஸ்பானிய நாவலை டேவிட் ரோலண்ட் ஆங்கிலமாக்கினார். அது 1586இல் லண்டனில் அச்சானது. அந்த ஆங்கில நூலைத் தமிழில் முழுக் குறிப்புகளோடு ஆய்வுப் பதிப்பாகக் கொண்டுவருவதே திட்டம்.

மொழிபெயர்த்தால் போதாதா என்கிறார்கள். போதாது. மூலத்துக்கே 1554இல் நான்கு அச்சுகள்: புர்கோஸ், அல்கலா, ஆன்ட்வெர்ப், மெதினா தெல் காம்போ. கடைசியது 1992இல் ஸ்பெயினின் பார்கரோத்தா ஊரில் ஒரு வீட்டுச் சுவருக்குள்ளிருந்து கிடைத்தது. அல்கலா அச்சில் மற்றவற்றில் இல்லாத பகுதிகள் உண்டு. 1559இல் நூலுக்குத் தடை. 1573இல் பாதிரிமாரைச் சீண்டும் பகுதிகளை வெட்டி வெளியிட்டார்கள். ரோலண்டின் முடிவிலோ லாசரோ ஜெர்மானியர்களோடு கூடிக் குடிக்கும் ஓர் அத்தியாயம் ஒட்டியிருக்கிறது. அது 1555இல் வேறொருவர் எழுதிய தொடர்ச்சியின் முதல் அத்தியாயம். பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அது ஏற்கெனவே சேர்ந்திருந்தது. ரோலண்ட் அந்தப் பிரெஞ்சு நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். அடிக்குறிப்பு இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை மூல ஆசிரியர் தலையில் கட்டிவிடுவோம்.

1887இல் ஏடுகளை ஒப்பிட்டுச் 'சீவக சிந்தாமணி'யைப் பதிப்பித்த உ.வே.சா.வின் வாரிசுகள் நாம் என்று மேடையில் முழங்குகிறோம். பாடபேதம், அதாவது அச்சுக்கு அச்சு மாறும் சொற்களை, பார்க்க மட்டும் கசக்கிறது. கதையில் ஓரிடத்தில் குருட்டு எஜமானின் மது ஜாடியில் பையன் அடியில் துளையிட்டு மெழுகால் அடைக்கிறான். குளிருக்கு ஒதுங்குவதுபோல் கிழவனின் கால்களுக்கிடையே உட்கார்ந்து, நெருப்பில் மெழுகு உருகச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறான். அதை வாசித்த அன்று நாற்காலி போதவில்லை. அடுத்த கூட்டம் பாடபேதப் பட்டியல் என்றதும் நானும் பொருளாளரும் காவலாளியும்தான் மிச்சம். பெருநிலத்திலிருந்து வரும் பாலத்தில் நெரிசல் என்று செய்தி அனுப்பிய ஒருவர் தீவிலேயே குடியிருப்பவர். பெயர் வேண்டாம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்குள் செலவு ஏறக்குறைய அடங்கியது. அடங்காததைச் சிலர் கையிலிருந்து போட்டார்கள். நெடுநாளாகச் சந்தா கட்டாதவர்களும் இன்று வாக்களிக்க வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். பொருளாளர் வாசலருகேதான் மேசை போட்டிருக்கிறார், போகும்போது பார்த்துவிட்டுப் போகலாம்.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் கொடுத்த மகளிர் பிரிவுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பிரெஞ்சு தெரிந்த ஒருவர் வேண்டும். அச்சுச் செலவுக்கு வழி இன்னும் பிறக்கவில்லை. தீபாவளி விருந்தின் செலவையும் வருகையையும் பார்த்தவனுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. செயலாளர் பதவிக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒதுங்குவேன், குறிப்பேடுகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வார் என்றால். அப்புறம், பட்டினியிலும் மிடுக்கு விடாத மூன்றாவது எஜமானின் பகுதி மெய்ப்புக்குத் தயாராக இருக்கிறது. சிவப்புப் பேனா மன்றமே தரும்.