ஆளுக்கொரு முட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேச்சின் நடுவில் போனை வைத்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. "உங்க செங்கொடியால ஒரு வீட்லயாவது அடுப்பு எரிஞ்சுதாப்பா?" என்று நீ கேட்டாய். முப்பது வருடம் மில் சங்கத்தில் இருந்தவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

மறுநாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. நீ வெகுநாளாகப் பார்க்கச் சொன்ன 'நினோச்கா' படத்தைப் போட்டேன். 1939-இல் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் எடுத்தது. ரஷ்யப் புரட்சியில் பறிமுதலான ஒரு ராஜ குடும்பத்துச் சீமாட்டியின் நகைகளை விற்க மூன்று தோழர்கள் பாரிசுக்கு வந்து, அந்த ஊர்ச் சுகத்தில் மயங்கிவிடுகிறார்கள். அவர்களைச் சரிசெய்ய மாஸ்கோ அனுப்பும் கண்டிப்பான அதிகாரிதான் நினோச்கா, கிரேட்டா கார்போ.

ரயிலடியில் அவள் பெட்டியை ஒரு போர்ட்டர் தூக்க வருகிறான். அடுத்தவர் மூட்டையை நீ ஏன் சுமக்கிறாய் என்று கேட்கிறாள். அது என் தொழில் என்கிறான். இது தொழிலே இல்லை, சமூக அநீதி என்கிறாள். அது நீங்கள் தரும் டிப்ஸைப் பொறுத்தது என்கிறான். வாய்விட்டுச் சிரித்தேன் கண்ணு. கேட்டவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, சுமந்தவன் பக்கமும் இருக்கிறது.

அடுத்து வந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. மாஸ்கோவில் என்ன சேதி என்று தோழர்கள் கேட்கிறார்கள். கூட்டு விசாரணைகள் பெரிய வெற்றி, இனி ரஷ்யர்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் தரத்தில் உயர்வாகவும் இருப்பார்கள் என்கிறாள். 1936 முதல் 1938 வரை ஸ்டாலின் ஆட்சியில் நடந்த விசாரணைகளைத்தான் சொல்கிறாள். புரட்சியை நடத்தியவர்களையே துரோகி என்று சுட்டுக் கொன்ற விசாரணைகள். எங்கள் சங்க ஆபீசில் 'சோவியத் நாடு' இதழ்கள் வழவழப்பான தாளில் அடுக்கடுக்காக இருக்கும். டிராக்டர் படங்களை ஆசை ஆசையாகப் பார்ப்பேன். இந்த விசாரணைகளைப் பற்றி அங்கே யாரும் வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். இதில் தப்பு என்னுடையதுதான்.

ஆனால் படம் பணக்காரர் பக்கத்தையும் விடவில்லை, கவனித்தாயா? பாரிசில் நினோச்காவுக்குக் கிடைக்கும் காதலன் லியோன் ஒரு நாளும் உழைத்ததில்லை, சீமாட்டியின் தயவில் வாழ்கிறவன். அந்தச் சீமாட்டியோ, நீ பாரிசை விட்டுப் போய்விடு, நகைகள் மேல் எனக்குள்ள உரிமையை விட்டுத்தருகிறேன் என்று நினோச்காவிடம் காதலுக்கே விலை பேசுகிறாள்.

கார்போ சிரிக்கிறார் என்றுதான் அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தார்களாம். லியோன் சொன்ன எந்தச் சிரிப்புக் கதைக்கும் அசையாதவள், அவன் நாற்காலியோடு சாய்ந்து விழுந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். அது தொழிலாளிகள் சாப்பிடும் சின்ன ஓட்டல் என்பது எனக்குப் பிடித்தது.

எனக்கு மனதில் நின்றது அவள் மாஸ்கோ திரும்பிய பிறகு வரும் காட்சி. இடநெருக்கடியான ஒரு அறை. பழைய தோழர்கள் ஆளுக்கொரு முட்டை கொண்டுவர, எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஆம்லெட். அங்கேதான் லியோன் கடிதம் வருகிறது. தணிக்கைக்காரர்கள் உள்ளே இருந்த அத்தனையையும் கறுப்படித்துவிட்டார்கள். அவளை அழைத்த அன்பான சொல்லும் அவன் கையெழுத்தும்தான் மிச்சம்.

உனக்கு நாலு வயசு இருக்கும்போது எங்கள் மில்லைப் பூட்டிவிட்டார்கள். மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. லைன் வீட்டில் ஒருவர் அரிசி கொண்டுவந்தார், ஒருவர் பருப்பு, ஒருவர் விறகு. உன் அம்மா நடு வாசலில் பெரிய அடுப்பு மூட்டி எல்லோருக்கும் ஆக்கினாள். ஏற்பாடு செய்தது சங்கம். முதல் தட்டு குழந்தைகளுக்கு. நீயும் அதில்தான் சாப்பிட்டாய். அதனால் நீ கேட்டதற்குப் பதில், எரிந்தது கண்ணு.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கோபத்தில் வாய் வரவில்லை. வர்ற ஞாயிறு நானே கூப்பிடுகிறேன். அம்மாவும் பக்கத்தில் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா