பொலிஸ் வழக்கு வேற, உங்கட நட்டஈட்டு வழக்கு வேற

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 ரோட்டில பஸ் பிரண்டது, லொறியோட மோதினது எண்டு உங்கட பேப்பரில செய்தி வரேக்க எத்தின பேர் காயம், எந்த ஆஸ்பத்திரி, ரைவரைப் பொலிஸ் பிடிச்சிட்டுது எண்டதோட எல்லாம் முடிஞ்சுபோகுது. காயப்பட்ட சனத்துக்கு அதுக்குப் பிறகுதான் கஷ்டமே தொடங்குது, அதைப்பற்றி ஒரு வரியும் வாறேல்ல, அதுதான் எழுதுறன். நான் லோயர் இல்லை, எங்கட ஊர்ச் சனத்தோட கோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடப்போய் வாற ஆள்.

பொலிஸ் ரைவருக்கு மேல வழக்குப் போட்டா அதுதான் தங்கட வழக்கு எண்டு வன்னியில கனபேர் நம்பிக்கொண்டு இருக்கினம். அது நீதவான் நீதிமன்றத்தில ரைவரைத் தண்டிக்கிறதுக்கு நடக்கிற வழக்கு. அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணம் கட்டினா அது அரசாங்கத்துக்குப் போற காசு, கால் முறிஞ்சவருக்கு அதில ஒரு சதமும் இல்லை. நீதவான் விரும்பினா காயப்பட்டவைக்கும் ஏதாவது குடுக்கச் சொல்லி ரைவருக்குக் கட்டளை போடலாம், சட்டத்தில அதுக்கு இடமிருக்கு, ஆனா காலம்பூரா நொண்டப்போற ஒருத்தருக்கு அது எந்த மூலைக்கு? சரியான நட்டஈடு வேணுமெண்டா மாவட்ட நீதிமன்றத்தில தனியா சிவில் வழக்குப் போடவேணும், ரைவரோட சேர்த்து பஸ் ஓனருக்கு மேலயும் போடலாம், ஏனெண்டா தன்ர வேலைக்கு விட்ட ரைவர் வேலையில இருக்கேக்க செய்த பிழைக்கு ஓனரும் பொறுப்பு. சீரிபி பஸ், அதாவது அரசாங்க பஸ் எண்டா அரசாங்கத்தோட மல்லுக்கட்டேலாது எண்டு பயப்பிடுகினம், அப்பிடியில்லை, அதை ஓட்டுற இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு (இ.போ.ச.) மேலயும் வழக்குப் போடலாம். ரெண்டு வாகனத்திலயும் பிழை எண்டா ரெண்டு பக்கத்தையும் இழுக்கலாம், உள்ளுக்கு இருந்து வந்த பயணியில என்ன பிழை? மிதிபலகையில நிண்டு வந்திருந்தாலும் நட்டஈட்டைக் குறைப்பினமே தவிர அதுக்காக உரிமை இல்லாமப் போகாது.

இதில பெரிய ஆபத்து காலம்தான். 1871ம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இண்டைக்கும் நடைமுறையில இருக்கு, அதின்படி விபத்து நடந்து 2 வருஷத்துக்குள்ள சிவில் வழக்குப் போடவேணும். பொலிஸ் வழக்கு தவணை தவணையா இழுபட்டுக்கொண்டு போகும், அது முடியட்டும் பாப்பம் எண்டு இருந்தா இந்த 2 வருஷம் சத்தமில்லாமப் போயிடும், பிறகு எவ்வளவு பெரிய லோயரைப் பிடிச்சும் பிரயோசனமில்லை.

எங்கட ஊரில ஒரு பிள்ளை, கார்மண்ட்ஸில ஓவர்லொக் மெசினில வேலை செய்தவ, பஸ் தடம்புரண்டு வலது கை முழங்கையோட முறிஞ்சுது. வோர்ட்டில கிடக்கேக்கயே பஸ்காரர் ஆக்கள் தோடம்பழமும் நெஸ்டமோல்ட்டும் கொண்டுவந்து, கையில கொஞ்சக் காசும் குடுத்து, தாயிட்ட ஒரு பேப்பரில கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவை. பேப்பர் சிங்களத்தில. இனி ஒரு கோரிக்கையும் இல்லை எண்டு அதில எழுதியிருந்தது அந்த மனுசிக்கு எப்பிடித் தெரியும்? இண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு கை முழுசா மடியாது, மெசினில இருக்கேலாது, கிணத்தில தண்ணி அள்ளேலாது, தலை இழுக்கிறதுக்கும் தாய்தான். இதை எழுதேக்கயும் எனக்கு ஆத்திரம் வருது. ஆஸ்பத்திரியில வைச்சு ஆர் என்ன பேப்பர் நீட்டினாலும் கையெழுத்து வைக்காதேங்கோ. இன்சூரன்ஸ்காரர் செக் தரேக்கயும் இதுதான் முழுத்தீர்வு எண்டு எழுதித்தான் கையெழுத்துக் கேப்பினம், அதுக்கு முதல் ஒரு லோயரிட்டக் காட்டுங்கோ.

பொலிஸில வாக்குமூலம் குடுக்கேக்கயும் அப்பிடித்தான். வடக்கு கிழக்கில நிர்வாகமும் கோட்டும் தமிழில நடக்கவேணும் எண்டு அரசியலமைப்பிலயே இருக்கு, அதால நீங்கள் சொன்னதைத் தமிழில எழுதச் சொல்லிக் கேளுங்கோ, வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, பஸ் நம்பர், ரைவர் ஓடின வேகம், ஃபோன் கதைச்சுக்கொண்டு ஓடினவரோ எல்லாம் அதில வரவேணும். சின்னக்காயம்தானே எண்டு ஓட்டோ பிடிச்சு நேர வீட்டை போறவையும் இருக்கினம், 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும், ஆஸ்பத்திரியில பதிஞ்சு சட்ட வைத்திய அதிகாரி பாத்து அறிக்கை எழுதினாத்தான் பிறகு கோட்டில அது காயம். ரிக்கெட், என்ன காயம் எண்டு ஆஸ்பத்திரியில எழுதித் தாற டயக்னோசிஸ் கார்ட், மருந்துக்கடை பில், கிளினிக்குக்குப் போன ஓட்டோக்காசு எல்லாத்தையும் ஃபோனில படம் எடுத்து வைச்சிருங்கோ, எங்கட வீடுகளில கறையானும் வெள்ளமும் பேப்பரை விட்டுவைக்காது. கூலிவேலை செய்யிற ஆக்களிட்ட சம்பளச்சிட்டை இருக்காது, விதானையாரிட்ட (கிராம அலுவலரிட்ட) ஒரு கடிதமும் வேலை குடுத்த ஆளின்ர சாட்சியும் எடுக்கலாம்.

இன்சூரன்ஸைப் பற்றியும் சொல்லவேணும். ரோட்டில ஓடுற வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்புறுதி, அதாவது அந்த வாகனத்தால மற்ற ஆக்களுக்கு வாற காயத்துக்குக் காசு குடுக்கிற காப்புறுதி, பொதுவாக் கட்டாயம், காசு குடுத்து பஸ்ஸில ஏறின பயணிக்கும் அது சேரும். ஓனரிட்டக் காசில்லை எண்டு விடவேண்டியதில்லை, கோட் தீர்த்த காசைக் காப்புறுதிக் கம்பனி கட்டவேணும். ஆனா வழக்குத் தாக்கல் செய்யிறதுக்கு முதல் அல்லது செய்து 7 நாளுக்குள்ள கம்பனிக்கு அறிவித்தல் போகவேணும், இதைத் தவறவிட்டா அவை கையை விரிச்சுப்போடுவினம், உங்கட லோயரிட்ட இதை ஞாபகப்படுத்துங்கோ.

விபத்தில ஆள் செத்துப்போனா உழைப்பு இல்லாமப் போனது மாதிரிக் காசால வந்த நட்டத்துக்கு மட்டும்தான் முந்தி நட்டஈடு கேக்கலாம், 2019ம் ஆண்டு 2ம் இலக்கச் சட்டம் வந்தபிறகு அந்த ஆளின்ர அன்பையும் பராமரிப்பையும் இழந்ததுக்கும் குடும்பம் கேக்கலாம். வயசுபோன தாய் தகப்பன், சின்னப்பிள்ளை எண்டு உழைப்பில்லாத ஆக்கள் செத்த குடும்பங்களுக்கு இது பெரிய விசயம், ஆனா எங்கட பக்கத்தில இதைக் கேள்விப்பட்ட ஆக்களையே காணேல்ல.

லோயருக்குக் குடுக்கக் காசில்லாத ஆக்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், 1978ம் ஆண்டிலயிருந்து இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அவையே வழக்குப் பேசுவினம்.

ஐயா, உங்களிட்ட என்ர கோரிக்கை ஒண்டுதான். இனி பஸ் விபத்துச் செய்தி போடேக்க அதுக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி கட்டி, 2 வருஷத்துக்குள்ள சிவில் வழக்கு, வோர்ட்டில கையெழுத்து வைக்கவேணாம், காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு எண்டு போடுங்கோ. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆஸ்பத்திரிகளில எலும்பு முறிவு வோர்ட் வாசல்களில இதையே தமிழில பெரிசா எழுதி ஒட்டவேணும் எண்டு சுகாதாரப் பகுதிக்கும் உங்கட பேப்பர் மூலமாக் கேக்கிறன்.

நன்றி.
ஒரு வாசகர்,
மாங்குளம்.