காவடி விரதமும் போதையிலிருந்து மீள்வோரும்: கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மொரீஷியஸ் தமிழ்க் கோயில்கள் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், தீவெங்கும் உள்ள திருக்கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கும், குருக்கள்மாருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்குக் கொடியேறும் நாளில் நம் கோயில்களில் காப்புக் கட்டிக்கொள்ள வரும் இளைஞர்களில் சிலர் நேர்த்திக்கடனுக்காக மட்டும் வருவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். பிரவுன் எனப்படும் ஹெராயினையோ, சிமிக் எனப்படும் செயற்கைப் போதைப்பொருளையோ, குடியையோ இந்த விரதத்தோடு விட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தில், பெரும்பாலும் தாய் அழைத்துவர, அவர்கள் சந்நிதிக்கு வருகிறார்கள். ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியராகவும், இந்த நோயிலிருந்து மீண்டு வரும் ஒருவரின் அண்ணனாகவும், அப்படிப் பிள்ளைகளை உங்களிடம் ஒப்படைக்கும் குடும்பங்களுக்காக இம்மடலை எழுதுகிறேன். விரதத்தின் வல்லமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. விரதம் முடிந்த மறுநாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஹெராயினை நாள்தோறும் எடுத்து வந்தவர் அதைத் திடீரென நிறுத்தினால், 8 முதல் 24 மணி நேரத்துக்குள் உடல் அவரைப் படுத்தத் தொடங்குகிறது. ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்செறிதல், கை கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, பொதுவாக 4 முதல் 10 நாட்களுக்குள் அடங்குகின்றன. நம் விரதமும் பத்து நாள். அதனால்தான் காவடி தூக்கும் காலையில் அவர் முகம் தெளிந்திருக்கிறது, நடையில் உறுதி இருக்கிறது, முருகன் கைவிடவில்லை என்று வீட்டார் கண்ணீர் விடுகிறார்கள். அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு முடிந்திருப்பது உடம்பின் முதல் போராட்டம் மட்டுமே. மூளையில் பதிந்துவிட்ட வேட்கை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இருந்துகொண்டேயிருக்கும். பழைய நண்பன் ஒருவனின் முகமோ, சம்பளம் வந்த ஒரு மாலைப் பொழுதோ அதைத் தட்டியெழுப்பப் போதும்.

இதைவிட அஞ்சத்தக்க ஒன்றும் உண்டு. தொடர்ந்து எடுக்கும்போது உடல் அந்த அளவுக்குப் பழகிக்கொள்கிறது. சில நாட்கள் நிறுத்தினாலே அந்தத் தாங்குதிறன் வேகமாகக் குறைந்துவிடுகிறது. விரதத்துக்கு முன் தாங்கிக்கொண்ட அதே அளவை, காப்புக் கழற்றியபின் ஒரு பலவீனமான வேளையில் எடுத்தால், மூச்சு நின்று உயிர் போகலாம். சிறையிலிருந்தும் சிகிச்சை இல்லங்களிலிருந்தும் வெளிவரும் முதல் சில வாரங்களில் இத்தகைய மரணங்கள் அதிகம் நிகழ்கின்றன என்பது பல நாடுகளின் மருத்துவர்கள் கண்டறிந்த உண்மை. விரதத்துக்குப் பிந்திய வாரங்களும் அப்படிப்பட்டவையே. கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி, உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழாமல் ஒருவர் கிடந்தால், அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து உடனே 114 என்ற எண்ணில் சாமு என்னும் அவசர மருத்துவச் சேவையை அழைக்க வேண்டும் என்பதைக் கோயில் தொண்டர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குடிநோயாளிகளுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் அன்றாடம் மிகுதியாகக் குடித்தவர் கொடியேற்றத்தன்று திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்துச் சித்தப்பிரமையும் கடும் நடுக்கமும் வரக்கூடும். கவனிக்காவிட்டால் உயிருக்கே உலை வைக்கும். விரதமிருக்கும் ஒருவரின் கை நடுங்குவதையும், உடல் வியர்த்துக் கொட்டுவதையும், இல்லாத உருவங்களோடு அவர் பேசுவதையும் அருள் வந்ததாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காப்புக் கட்டும் முன்பே, இவ்வளவு நாள் எவ்வளவு குடித்தீர்கள் என்று தனியே, பரிவோடு கேட்கும் வழக்கம் வந்துவிட்டால் பாதி ஆபத்து நீங்கும்.

யாரை நோயாளி என்று கொள்வது என்ற குழப்பம் நம் குடும்பங்களில் பெரிது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிளாஸ் ரம் குடிப்பவரைக் குடிகாரன் என்று தூற்றும் அதே வீடு, வேலைக்குத் தவறாமல் போய்வரும் மகன் ஒவ்வோரிரவும் குடிப்பதைக் கண்டுகொள்வதில்லை. 2022இல் புதிய பதிப்பு வரும்வரை நடப்பிலிருந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பின் பத்தாம் பதிப்பு அளவைப் பார்க்கவில்லை, பிடியைப் பார்த்தது: தவிர்க்க முடியாத வேட்கை, தொடங்கினால் நிறுத்த இயலாமை, நிறுத்தினால் உடல் படும் பாடு, முன்பு போதுமாயிருந்தது இப்போது போதாமை, மற்ற இன்பங்களும் கடமைகளும் பின்னுக்குப் போதல், கேடு கண்முன் தெரிந்தும் தொடர்தல் என்னும் ஆறில் மூன்று, ஓராண்டுக் காலத்தில் சேர்ந்து காணப்பட்டால் அது சார்புநோய் என்றது அப்பதிப்பு. ஒழுக்கக்கேடு என்றோ கண்ணேறு என்றோ அதற்குப் பெயர் வைத்துக் காலத்தைக் கடத்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். 1980களில் பிரவுன் இத்தீவுக்குள் நுழைந்தது. 2005ஆம் ஆண்டில் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஊசிவழிப் போதையால் அதைப் பெற்றவர்கள் என்ற நிலை வந்தது. அந்த நெருக்கடியில்தான் 2006இல், ஹெராயினுக்கு மாற்றாக அருந்தத் தரப்படும் மெத்தடோன் சிகிச்சையும் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் 2005லேயே இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்த மருந்து மெத்தடோன். சரியான அளவில் நாளுக்கு ஒருமுறை அருந்தினால் அது மயக்கம் தருவதில்லை. உடலின் தவிப்பை அடக்கி, வேட்கையைத் தணித்து, ஒருவரை வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பி அனுப்புகிறது. அதை எடுத்துக்கொள்பவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைகிறது.

விடியற்காலையில் வரிசையில் நின்று அந்த மருந்தை அருந்திவிட்டு வேலைக்குப் போகும் என் தம்பி காவடி எடுக்க விரும்பியபோது, ஒரு கோயிலில், "இன்னும் போதையில் இருப்பவன் வேல் தொடக்கூடாது" என்று பலர் முன்னிலையில் சொன்னார்கள். அவன் ஒன்றும் பேசாமல் திரும்பினான். இதே காரணத்துக்காக, தூய்மையோடு விரதமிருக்க வேண்டும் என்று மருந்தைத் தாமே நிறுத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். மறுபடி பிரவுனிடம் போய்ச் சேர அதைவிடக் குறுகிய பாதை வேறில்லை. சர்க்கரை நோய் மிகுந்த இத்தீவில் மாத்திரை போட்டுக்கொண்டு காவடி எடுக்கும் அடியார் எத்தனையோ பேர். அவர்களை எந்தக் கோயிலும் தடுத்ததில்லை. மெத்தடோன் அருந்துபவரையும் அப்படியே நடத்துங்கள் என்பதே நான் முதலாவதாகக் கேட்பது.

கோயில் சிகிச்சை மையமாக வேண்டியதில்லை. அதற்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மருத்துவரால் கொடுக்க முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: விட்டவன் போய் உட்கார ஓர் இடம், அவனை எதிர்பார்க்கும் சில மனிதர்கள். மாலை நேரத்துத் தனிமையில்தான் பலர் மறுபடி விழுகிறார்கள். பத்து நாள் அடியாராய் இருந்தவருக்குப் பதினோராம் நாளிலிருந்து கோயிலில் ஒரு வேலை இருந்தால், அன்னதானக் கூடத்திலோ, பூந்தோட்டத்திலோ, தேவார வகுப்பிலோ ஆகட்டும், அந்த மாலை கடந்துபோகும். வாரத்தில் ஒருநாள் மண்டபத்தின் ஓர் அறையை மீள்வோர் கூடிப் பேசவும், இன்னொரு நாள் அவர்களின் தாய்மாரும் மனைவியரும் கூடவும் திறந்துவிடுங்கள். அங்கே பேசப்படுவது வெளியே போகாது என்ற உறுதியை நிர்வாகம் தர வேண்டும். சிறிய ஊர்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அந்த அச்சத்தாலேயே உதவி தேடாமல் இருப்பவர்கள் ஏராளம். இன்னாருடைய மகன் போதையை விட்டு வந்திருக்கிறான் என்று ஒலிபெருக்கியில் வாழ்த்துவதும், நல்லெண்ணத்தில் செய்தாலும், வேண்டாம். ஒருவேளை அவர் மறுபடி விழுந்தால் கோயிலுக்குத் திரும்பி வர வெட்கப்படுவார். அப்படி விழுந்து வருபவரிடம் விரதத்தை முறித்தாயே என்று கேட்காதீர்கள். சர்க்கரை மீண்டும் கூடியவரை மருத்துவர் விரட்டிவிடுவதில்லையே.

அடுத்த காவடிக்குக் கொடியேறும் முன், ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு கோயிலாவது அரசு மருத்துவர் ஒருவரையும், மீண்டு வாழும் சிலரையும் அழைத்து, குருக்கள்மாரும் தொண்டர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கூட்டம் நடத்த வேண்டுகிறேன். கூட்டமைப்பு இதைச் சுற்றறிக்கையாக அனுப்பினால், நிர்வாகக் குழுக்கள் தயங்காமல் முன்வரும். தமிழிலும் கிரியோலிலும் பேச, எந்த ஊருக்கு அழைத்தாலும் நான் வருகிறேன். என் தம்பியும் வரச் சம்மதித்திருக்கிறான்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கத்ர்போர்ன்