மேசையோடு வந்த காடி

பகாவ், மலேசியா

அன்புள்ள ராமையா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி வலி, மழை, ஆடித் திருவிழா வேலை என்று பதில் தள்ளிப் போய்விட்டது. கோபிக்காதே. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி.

உன் மகன் பழைய ஹோண்டா சி.ஆர்.வி. கார் பார்க்கிறான், எந்த மாடல் நல்லது என்று கேட்டிருந்தாய். நல்ல நேரத்தில் கேட்டாய். போன மாதம் என் மகள் புது சி.ஆர்.வி.யில் வந்து இறங்கினாள், ஆறாம் தலைமுறை. என்னுடைய 1998 சி.ஆர்.வி. காடிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணனும் தம்பியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் போர்ச்சில் பழையது முழுசாக அடங்கும். புதியதற்கு வால் வெளியே நிற்கிறது. நீளம் ஒரு சாண், அகலம் அரைச் சாண் கூடிவிட்டது. 'சின்ன ஜீப்பு' என்று நாம் வாங்கிய வண்டி இது!

ஹோண்டா இதை 1995இல் ஜப்பானில் இறக்கியபோது அடியில் இருந்தது சிவிக் காடியின் உடம்பு. தோட்டத்துத் துரையின் லேண்ட்ரோவர் மாதிரி உடம்புக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது. 'சி.ஆர்.வி.' என்ற பெயருக்கே சொகுசாகச் சுற்றி வரும் வண்டி என்றுதான் அவர்கள் பொருள் சொல்கிறார்கள். டொயோட்டாவின் ரேவ்-4 அதற்கு ஒரு வருஷம் முந்தியது. நம் ஊரில் 1998இல் பெரோடுவாவின் கெம்பாரா ஜீப்பு வந்ததும் நீ அதை வாங்கிக்கொண்டு, 1.3 லிட்டர் போதும், உனக்கு எதற்கு ரெண்டு லிட்டர் என்று என்னைக் கிண்டல் செய்ததை மறக்கவில்லை. ஆனால் புக்கிட் புத்துஸ் மலை ஏற்றத்தில் யார் பின்னால் யார் வந்தார்கள் என்பதையும் மறக்கவில்லை.

அந்த மேசை ஞாபகம் இருக்கிறதா? பின்னால் சாமான் வைக்கும் தரைப் பலகையைத் தூக்கினால் கால் மடக்கிய மேசை. போர்ட்டிக்சன் கடற்கரையில் விரித்துப் போட்டு, தங்கச்சி கொண்டுவந்த ஆட்டுக்கறிக் குழம்பை நடுவில் வைத்தோம். ஒரு கால் மணலில் புதைந்து குழம்பு முழுதும் உன் வேட்டியில். உலகத்தில் எந்த எஞ்சினியர் காடிக்குள் மேசை வைப்பான்? அவனைப் பார்த்தால் கைகொடுக்க வேண்டும்.

2001 கடைசியில் வந்த இரண்டாம் தலைமுறையிலும் மேசை இருந்தது. எஞ்சின் புதுசு, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. 2006இல் மூன்றாவது வந்தபோதுதான் முதுகில் தொங்கிய ஸ்பேர் டயர் அடியில் போனது, பக்கவாட்டில் திறந்த பின்கதவு மேலே தூக்குகிற கதவானது. ஜீப்பு முகம் போச்சு என்று பட்டறையில் எல்லாரும் புலம்பினார்கள். நான் அன்றைக்கே கட்சி மாறிவிட்டேன். டயரையும் சுமந்துகொண்டு கதவு திறக்கப் பின்னால் எவ்வளவு இடம் வேண்டும்! பாசாரில் நிறுத்தி அரிசி மூட்டை ஏற்றியவனுக்குத்தான் அது தெரியும்.

சரி, மகன் விஷயம். நான்காம் தலைமுறை, 2 லிட்டர் கிடைத்தால் எடுக்கச் சொல். இங்கே 2013இல் வந்தது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லை, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், டைமிங் சங்கிலி. நம் ஆள் எவனும் கை வைக்கலாம். 2017இல் வந்த ஐந்தாவதில் 1.5 லிட்டர் டர்போ, படிப்படியாக இல்லாமல் வழுக்கி மாறும் சி.வி.டி. கியர் பாக்ஸ், 193 குதிரைசக்தி. ஜப்பானில் முதலில் வந்த ரெண்டு லிட்டர் காடிக்கு 130தான். எஞ்சின் கால் பங்கு சிறுத்து, குதிரை பாதி கூடியிருக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் குளிர் ஊர்களில், எஞ்சின் சூடேறாத சின்னச் சின்ன ஓட்டத்தில், அந்த டர்போவின் எண்ணெயில் பெட்ரோல் கலக்கிறது என்று 2018இல் பெரிய பேச்சு. நம் வெயிலில் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் வாங்குவதற்கு முன் எண்ணெய்க் குச்சியை உருவி மோந்து பார்க்கச் சொல்.

நாலு சக்கர இழுவை உள்ளது என்றால் இன்னொன்று. பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு அதற்கென்றே தனி எண்ணெய் உண்டு. முப்பது வருஷம் பட்டறையில் இருந்த நானே கண்ட எண்ணெயை ஊற்றிவிட்டு, திருப்பத்தில் எல்லாம் கிழட்டு எருமை மாதிரி முனகுகிறது என்று காடியைத் திட்டியிருக்கிறேன். சரியான எண்ணெய் மாற்றியதும் முனகல் நின்றது. இதை அவனிடம் சொல், யாரிடம் கற்றேன் என்று சொல்லாதே.

மகளுடையது ஹைப்ரிட். பெரும்பாலும் மின்மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது, எஞ்சின் மின்சாரம் உண்டாக்கிக் கொடுக்கிறது. ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி போகிறது. பொய் சொல்ல மாட்டேன், பொறாமையாக இருந்தது. பெட்ரோல் கணக்கை அவள் சொன்னபோது இன்னும் அதிகம்.

ஆனால் அவளுடையதில் முன் இரண்டு சக்கரம்தான் இழுக்கும். திருவிழா அன்று விடிய விடிய மழை. ஆலையைத் தாண்டி நம் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு இன்னும் அதே செம்மண் பாதைதான், செம்பனைக்கு நடுவே. மருமகன் சேற்றைப் பார்த்தார், தன் வெள்ளைக் காடியைப் பார்த்தார், ஆலை வாசலிலேயே நிறுத்திவிட்டார். பொங்கல் பானை, பேரப்பிள்ளைகள், சம்பந்தியம்மா எல்லாரும் என் காடியில் ஏறினார்கள். பழைய லயத்து வீடுகள் இருந்த மேட்டில் முன் சக்கரம் சுழன்றது. உனக்குத்தான் தெரியுமே, இதில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஒவ்வொரு எண்ணெய் பம்ப், இரண்டின் வேகம் மாறுபட்டால்தான் அழுத்தம் ஏறிப் பின் சக்கரத்தைக் கூப்பிடும். ஒரு நொடி யோசித்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு தள்ளு, ஏறிவிட்டது. பேரன் கைதட்டினான். மருமகன் ஒன்றும் பேசவில்லை.

கோயில் வாசலில் அன்னதானத்துக்கு இலை போதவில்லை, மேசையும் போதவில்லை. என் மேசையை எடுத்து விரித்தேன். ஒரு காலின் பூட்டு போய்விட்டது, கயிறு கட்டி நிறுத்தினேன். நீ விற்பதற்கு முன் கெம்பாராவிலிருந்து கழற்றி வைத்த பழைய சாமான் பெட்டியில் அந்த மாதிரிக் கொக்கி ஏதாவது கிடக்கிறதா என்று பார். தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா. வேட்டி மட்டும் பழையதாகக் கட்டி வா.

உன்
சின்னப்பன்