கோட்டை விட்டுட்டாங்கள் என்று சொல்லும் மச்சானுக்கு

மச்சான்,

இந்த 2025 மே மாதக் கடைசியில், இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் கடைசி நாளில், எங்கள் நொட்டிங்ஹாம் பொரெஸ்ட் செல்சியோடு தோற்ற அன்று நீ அனுப்பின குரல்பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. "கடைசியில கோட்டை விட்டுட்டாங்களடா, இனி இவங்களைப் பாக்கவே மாட்டன்" என்று ரொறன்ரோவில் இருந்து நீ கத்தின கத்தல் போன் இல்லாமலே கிளிநொச்சிக்குக் கேட்டிருக்கும். வட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கினேன், அது நீண்டுபோய்விட்டது, சரி எல்லோரும் வாசிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன். கோபிக்காதே.

போன வருசம் இதே மே மாதம் நாங்கள் என்ன கதைத்துக்கொண்டிருந்தோம் என்று கொஞ்சம் யோசித்துப் பார். செலவு விதியை மீறினதற்காக நாலு புள்ளி வெட்டுப்பட்டு, 32 புள்ளியோடு பதினேழாம் இடத்தில், லூட்டன் எங்களைவிட மோசமாக ஆடின புண்ணியத்தில் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பினோம். அப்போது யாராவது வந்து, அடுத்த வருசம் பொரெஸ்ட் 65 புள்ளி எடுக்கும், ஏழாவதாக வரும், 1995-96க்குப் பிறகு முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போகும் என்று சொல்லியிருந்தால் நீயே அவனுக்கு ரீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பாய். (அந்த 96இல் நாங்கள் கிளிநொச்சியை விட்டு மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்தோம், கரண்ட் கிடையாது, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் அப்பா ரேடியோ கேட்டார். பொரெஸ்ட் என்று ஒரு அணி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. உன்ர அண்ணை நொட்டிங்ஹாமில் இருந்து அந்தச் சிவப்பு ஜேசியை அனுப்பினது எத்தனையோ வருசம் கழித்து.)

நீ கடைசி ஆட்டத்தை மட்டும் பிடித்துத் தொங்குகிறாய். நான் ஜனவரிக் கடைசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போர்ன்மவுத்தில் போய் 5-0 என்று வாங்கிக் கட்டினோமே, அன்று இரவு ஊரில் உள்ள லிவர்பூல் ரசிகர்கள் எல்லோரும் எனக்கு ஸ்டிக்கர் அனுப்பினார்கள். அடுத்த சனிக்கிழமை பிரைட்டன். எங்கள் நேரத்துக்குப் பின்னேரம் ஆறு மணி. பெரும்போக நெல் வெட்டி முற்றத்தில் தறப்பாளில் பரவி இருந்தது, மழை இருட்டிக்கொண்டு நின்றது, நான் ஒரு கையால் நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டு மற்றக் கையில் போனை வைத்திருந்தேன். முதல் கோலை அவர்களே தங்களுக்கு அடித்துக்கொண்டார்கள், அப்புறம் கிப்ஸ்-வைட், அப்புறம் எங்கள் முன்கள வீரர் கிறிஸ் வூட் என்று இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. வூட்டுக்கு மட்டும் மூன்று. 7-0. ஒரு கிழமைக்கு முதல் ஐந்து வாங்கின அதே ஆட்கள்தான். அம்மா வந்து, "நெல் நனையுது, நீ என்னடா தனிய நிண்டு சிரிக்கிறாய்" என்று ஏசினா.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லுகிறவர்களோடுதான் எனக்குப் பிரச்சினை. பயிற்சியாளராக இருந்த நூனோ செய்தது வெளிப்படையான வேலை. பந்து எங்களிடம் இருக்கவேண்டும் என்ற ஆசையையே விட்டார். லீக்கில் பந்தைக் குறைவாக வைத்திருந்த அணிகளில் நாங்களும் ஒன்று. மிலென்கோவிச்சும் முரில்லோவும் நடுவில் நின்று வருகிற பந்தையெல்லாம் தலையால் அடித்து வெளியே அனுப்பினார்கள், தப்பி வந்ததை கோல்காப்பாளர் செல்ஸ் பிடித்தார். பதின்மூன்று ஆட்டத்தில் ஒரு கோலும் வாங்காமல் ஆர்சனலின் ராயாவோடு தங்கக் கையுறையைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பந்து கிடைத்த அடுத்த நிமிசம் எலங்கா ஓடுவார். மென்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக எங்கள் பாதியில் இருந்து தனியே பந்தைக் கொண்டுபோய், தன்னை விற்ற பழைய கழகத்துக்கே அடித்தாரே, அந்த ஒரு கோலில் இந்த வருசம் முழுக்க இருக்கிறது. எங்கள் ஊர் மைதானத்துப் பெடியன்களுக்கு இதெல்லாம் அலுப்பு, அவர்களுக்கு மென்செஸ்டர் சிட்டி மாதிரி நூறு பாஸ் வேண்டும். பார்க்க வடிவில்லை என்கிறார்கள். எனக்கு வடிவாகத்தான் இருந்தது.

லிவர்பூலின் மைதானம் அன்ஃபீல்டை மறந்துபோனாயா? செப்டெம்பரில் ஹட்சன்-ஒடோய் அடித்த ஒரு கோலோடு 1969க்குப் பிறகு முதல்தடவையாக அங்கே வென்றோம். அந்த லிவர்பூல்தான் பிறகு சம்பியன். லீக்கில் அவர்களை அவர்கள் மண்ணில் வைத்து வென்ற ஒரே அணி நாங்கள். ஸ்டிக்கர் அனுப்பினவர்களுக்கு நான் இதைக் கிழமைக்கு ஒருதடவை ஞாபகப்படுத்துவது உண்டு.

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன். மூன்றாம் இடத்தில் இருந்தவர்கள் ஏழுக்கு இறங்கினது உண்மை. கடைசி நாள் வென்றிருந்தால் ஐரோப்பாவின் பெரிய போட்டியான சம்பியன்ஸ் லீக், அதுவும் உண்மை. ஆனால் அது செல்சியிடம் போனது இல்லை. சொந்த மைதானத்தில் எவர்ட்டனிடம் மேலதிக நேரத்தில் வாங்கின கோல், பிரென்ட்போர்டிடம் 0-2, ஏற்கெனவே இறங்கிப்போன லெஸ்டரோடு 2-2, அங்கேதான் போனது. ஏன் என்று பார்த்தால் ஆள் பற்றாக்குறை. மார்ச்சில் வூட் நியூசிலாந்துக்கு ஆடப்போய் இடுப்பில் காயத்தோடு வந்தார், அவருக்குப் பதில் அடிக்க ஒருவரும் இல்லை. மற்றது, எஃப்ஏ கிண்ணத்தில் எக்ஸெட்டர், இப்ஸ்விச், பிரைட்டன் என்று மூன்று சுற்றும் பெனால்டிவரை இழுபட்டு, பிறகு வெம்பிளியில் சிட்டியிடம் தோற்றோம். அதே பதினொரு பேர்தான் எல்லாவற்றிலும் ஓடினார்கள். களைத்தவனைக் கோட்டை விட்டவன் என்று சொல்லாதே மச்சான். நீ பனியில் இரண்டு வேலை செய்கிறவன், உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முப்பத்து மூன்று வயதில் வூட் லீக்கில் இருபது கோல் அடித்திருக்கிறார். அவரை நம்பியே இன்னொரு வருசத்தை ஓட்டமுடியாது, அதுவும் இனி வியாழன் ஒரு ஆட்டம், ஞாயிறு ஒரு ஆட்டம் என்று வரும்போது. ஒரு முன்கள வீரர், நடுவில் அன்டர்சனுக்கு மாற்றாக ஒருவர், குறைந்தது இந்த இரண்டு பேராவது வேண்டும். கிப்ஸ்-வைட்டை விற்றால் நானும் உன்னோடு சேர்ந்து கத்துவேன், அது வேறு கதை.

அடுத்த பருவத்தில் ஐரோப்பியப் போட்டி ஆட்டங்கள் வரும். எனக்கு நடுச்சாமம், உனக்குப் பட்டப்பகல், வேலை நேரம். நீ பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டாய், பரவாயில்லை, பார்க்கவேண்டாம். ஆனால் உன்ர அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிடாதே, இங்கே நான் அதில்தான் பார்க்கிறேன்.

உன்ர மச்சான்,
கிளிநொச்சியில் இருந்து